காதுக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு?

ஒரு ஜோடி ஸ்பீக்கர் என்ன விலை இருக்கும்? பதில் சொல்வதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து வில்சன் ஆடியோ கம்பெனி, 2017 வாக்கில் 'வாம் மாஸ்டர் க்ரோனோசோனிக்' என்று ஒரு ஜோடியை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தது. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் சமாசாரம். விலை 6,85,000 டாலர். அன்றைய ரேட்டில் ஏறக்குறைய நாலரைக் கோடி ரூபாய். மொத்தமே 70 ஜோடிதான் செய்வோம் என்று வேறு அறிவித்தார்கள். காசு இருந்தால் மட்டும் போதாது, முந்தவும் வேண்டும்.

இந்தப் பக்கம், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயை எண்ணி வைத்தால், பழைய பேப்பரில் சுற்றி ஒரு ஸ்பீக்கர் கொடுப்பார்கள். அதிலும் பாட்டு வரும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே வம்சம். 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்சினியர்கள் எழுதி வைத்த ஜாதகம்தான் இன்றுவரை ஓடுகிறது. ஒரு காந்தம், அதற்குள் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. கரண்ட் போனால் சுருள் ஆடும், கூம்பு காற்றைத் தள்ளும், நமக்குப் பாட்டு கேட்கும். நூறு வருஷமாகியும் மகா சோம்பேறி யந்திரம் அது. வீட்டு ஸ்பீக்கருக்குள் போகும் நூறு வாட்டில் ஒரு வாட் சத்தமாக வெளியே வந்தாலே பெரிய விஷயம். மற்றதெல்லாம் சூடு.

ஆக, தெருக்கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை எதற்கு இவ்வளவு வித்தியாசம்? ஆடியோ பிரியர்கள் நாலு பேர் ஒரு ரூமில் சேர்ந்தால் கடைசியில் கைகலப்பில் முடியும் கேள்வி இது. ஒரு கட்சி, "காசுக்கு ஏத்த சத்தம் சார், உங்க காதுக்குப் பழக்கமில்ல" என்கும். இன்னொரு கட்சி, "எல்லாம் டுபாக்கூர். ஐயாயிரத்துக்கு மேல குடுக்கிறவன் ஏமாளி" என்கும். இரண்டும் பாதி பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் உங்கள் சம்பளம் அடங்கியிருக்கிறது.

* * *

முதலில் காசு உண்மையாகவே எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம்.

ஒன்று, பாஸ். தாழ்ந்த ஸ்வரங்கள். சத்தத்தின் அளவு குறையாமல் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்க, கூம்பு நாலு மடங்கு தூரம் ஆடவேண்டும். பெரிய கூம்பு, பெரிய காந்தம், பெரிய பெட்டி. இதில் ஏமாற்று வேலை நடக்காது. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த கரண்டில் நிறைய சத்தம் இந்த மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மன் என்பவர் பெயரில் இதற்கு 'இரும்பு விதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை சைஸ் பெட்டியில் 'சூப்பர் பாஸ்' என்று எழுதியிருந்தால் ஸ்டிக்கரைப் பாராட்டிவிட்டு நகருங்கள்.

இரண்டு, பெட்டி. பாட்டு கூம்பிலிருந்து வரவேண்டும், பெட்டியின் விலாவிலிருந்து வரக்கூடாது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். 'டொங்' என்றால் பெட்டியும் கூடச் சேர்ந்து பாடும். 'டக்' என்று அடங்கினால் நல்ல ஜாதி.

மூன்று, பக்கவாட்டுச் சத்தம். பலர் மறந்துபோகும் விஷயம் இது. உங்கள் ஹாலில் ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு நேராக வருவது கொஞ்சம்தான். சுவர், சீலிங், ஷோகேஸ் கண்ணாடி எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்து வருவது ஏராளம். நேர் எதிரே நன்றாகவும் பக்கவாட்டில் கன்னாபின்னாவென்றும் ஒலிக்கும் ஸ்பீக்கர், வீட்டில் கன்னாபின்னாவென்றுதான் ஒலிக்கும். இதைச் சரிசெய்யப் பணம் அவ்வளவாக வேண்டாம், மூளை வேண்டும். ஜே.பி.எல். கம்பெனி தன் விலை உயர்ந்த எம்2 ஸ்டுடியோ ஸ்பீக்கருக்காக, ட்வீட்டரைச் சுற்றி விசித்திரமாக ஒரு குழிவு வடிவமைத்தது. 2013-ல் அதே வித்தையை எல்.எஸ்.ஆர்.305 என்ற சின்ன மாடலில் இறக்கி, ஒன்று சுமார் 150 டாலருக்கு விற்றது. கண்டுபிடிக்கத்தான் செலவு. கண்டுபிடித்தபின் பிளாஸ்டிக் வார்ப்பில் ஊற்றிவிடலாம்.

இதற்கு மேல் போகப்போக, காசு வேறு திசையில் நடக்க ஆரம்பிக்கிறது. பியானோ பாலிஷ், தேர்ந்தெடுத்த மரம், விமானத்துக்கு உபயோகிக்கும் அலுமினியம். வைரத்தில் ட்வீட்டர்கூட உண்டு. தமாஷ் இல்லை, நிஜமாகவே ஆய்வகத்தில் வளர்த்த வைரம். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனி செய்கிறது. 70,000 ஹெர்ட்ஸ் வரை வடிவம் குலையாது என்கிறார்கள். மனிதக் காதின் எல்லை 20,000. வீட்டில் வௌவால் வளர்ப்பவர்கள் பரிசீலிக்கலாம். ஆனால் ஒன்று, எங்கோ மேலே விறைப்பாக இருப்பதால் கீழே நமக்குக் கேட்கும் இடத்திலும் கொஞ்சம் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். முழுக்க அபத்தமில்லை. அந்தக் 'கொஞ்சத்'துக்கு எவ்வளவு லட்சம் என்பதுதான் கேள்வி.

* * *

இதைத் தர்க்கத்தால் தீர்க்கமுடியாது, திரை போட்டால் தீர்க்கலாம் என்று கிளம்பியவர் ஃப்ளாய்ட் டூல். கனடாவில் ஒட்டாவா நகரில் அரசாங்க ஆராய்ச்சிக் கவுன்சிலில் 1965 முதல் 1991 வரை இருந்தவர். ஸ்பீக்கரை மறைத்துவிட்டுக் கேட்கச் சொல்லி மார்க் வாங்கினார். பிற்பாடு ஹார்மன் கம்பெனிக்குப் போய் அதையே தொடர்ந்தார்.

1994-ல் அவரும் ஷான் ஆலிவ் என்பவரும் செய்த ஒரு சோதனை பிரசித்தம். 40 பேர், 4 ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால். அதில் சின்னதாக, மலிவாக, பிளாஸ்டிக்கில் இருந்த செட் கௌரவமான மார்க் வாங்கியது. பிறகு திரையை விலக்கிவிட்டு அதே காதுகளிடம் மறுபடி கேட்டார்கள். பெரிய, பளபளத்த ஸ்பீக்கர்களின் மார்க் ஏறியது. பிளாஸ்டிக் செட் தடாலென்று விழுந்தது. பாட்டு மாறவில்லை, காது மாறவில்லை. கண் மட்டும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது.

அதைவிடச் சுவாரசியம் இன்னொன்று. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தபோது சத்தத்தில் நேர்ந்த மாறுதலைக் கேட்டவர்கள் பிடித்துவிட்டார்கள். கண் திறந்திருந்தபோது அதே மாறுதலை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பார்த்தவுடன் முடிவு கட்டியாகிவிட்டது, அப்புறம் எதற்குக் கேட்பது?

2003-ல் ஆலிவ் இன்னும் பெரிதாக, 268 பேரை வைத்துப் பார்த்தார். காது பழகிய நிபுணர்களும், கடைக்காரர்களும், காலேஜ் பையன்களும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் ஸ்பீக்கர்களை அடுக்கினார்கள். நிபுணர்கள் இன்னும் கறாராக, மாற்றிப் பேசாமல் மார்க் போட்டார்கள், அவ்வளவுதான். "உங்க காதுக்குப் பழக்கமில்ல சார்" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், 268 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். 2004-ல் 70 ஸ்பீக்கர்களை எதிரொலியில்லாத அறையில் அளந்து, அந்த அளவுகளை வைத்தே ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று பெருமளவு ஊகிக்கும் ஒரு சூத்திரமும் போட்டார். அதில் பாஸ் எவ்வளவு ஆழம், சத்தம் எவ்வளவு சீர் என்பதெல்லாம் இருக்கிறது. விலை என்ற எண் இல்லை.

ஹார்மனும் ஸ்பீக்கர் விற்கிற கம்பெனிதான், அதனால் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடலாம். ஆனாலும் மலிவானதெல்லாம் உசத்தி என்று அவர்களும் சொல்லவில்லை. மோசமான மலிவு ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னாலும் மோசமாகவே ஒலித்தன. விலைக்கும் சத்தத்துக்கும் நடந்தது காதல் கல்யாணம் இல்லை, பெரியவர்கள் பேசி முடித்தது. சில வீட்டில் ஒத்துப்போகும், சில வீட்டில் ஒத்துப்போகாது.

* * *

என் அக்கா பையன் கிண்டியில் வேலை பார்க்கிறான். சம்பளம் கையில் 45,000. வாடகை 14,000. தங்கைக்குக் காலேஜில் கடைசி வருஷம் என்பதால் கும்பகோணத்துக்கு 10,000. போன வருஷம் ஒரு ஷோரூமில் 1,90,000 ரூபாய் ஸ்பீக்கர் ஒன்றின்மேல் காதல்வயப்பட்டுவிட்டான். மாதத் தவணை ஒன்பதாயிரம், 24 மாதம். "மிச்சம் பன்னெண்டாயிரம் இருக்கே மாமா, போதாதா?" என்றான். சாப்பாடு, பெட்ரோல், ஜலதோஷம் எல்லாம் அதற்குள்.

கூடப் போனேன். ஏ.ஸி. ரூம், சோபா, காபி. விற்பனையாளர் முதலில் ஒரு சாதா ஜோடியைப் போட்டுக் காட்டினார். அப்புறம் அந்த அழகி. "இப்ப கேளுங்க சார்!" கேட்டோம். பிரமாதம். சத்தமும் ஒரு பிடி தூக்கலாக இருந்தது. இதில் சூது இருக்கவேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஒரே கரண்டில் ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 3 டெசிபல் கூடுதலாகச் சத்தம் போடுவது சகஜம். ஒரு டெசிபல் ஏறினாலே நம் மூளை அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'துல்லியம்' என்று சொல்லும்.

டெபாசிட் வாங்கிக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுத்தார்கள். பையனின் ஆபீஸ் நண்பனிடம் 30,000 ரூபாய் ஜோடி ஒன்று இருந்தது, அதையும் கொண்டுவந்தோம். குறுக்கே கொடி கட்டி என் மல் வேட்டியைத் தொங்கவிட்டோம். மல் துணியில் சத்தம் தாராளமாகப் புகுந்து வரும், கண் புகாது. போனில் சத்தம் அளக்கும் ஆப் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். அவன் சோபாவில். நான் வேட்டிக்குப் பின்னால் ஒயரை மாற்றுகிறவன். காசு சுண்டிப் பார்த்து எது முதலில் என்று முடிவு செய்தேன். ஐந்து ரவுண்டு முடிந்ததும் இடம் மாற்றி வைத்தோம். ஹவுஸ் ஓனர் மாமி எட்டிப் பார்த்து, "என்ன, பொம்மலாட்டமா?" என்றார். ஏறக்குறைய.

பத்து ரவுண்டு. டிரம்ஸும் பாஸ் கிடாரும் முழங்கும் பாட்டுகள் ஐந்தில், நாலு தடவை விலை கூடினதைத் தேர்ந்தெடுத்தான். குரல், வீணை, நாதஸ்வரம் ஐந்தில் இரண்டு தடவை. மொத்தம் ஆறுக்கு நாலு. கண்ணை மூடிக் காசு சுண்டினாலே பத்தில் ஐந்தோ ஆறோ வரும். ஒன்பது, பத்து வந்திருந்தால் வேறு கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையை வைத்துச் சாஸ்திரம் எழுத முடியாது. ஆனால் அந்தப் பையனின் ஒன்பதாயிரம் அவன் காதைப் பொறுத்த விஷயம், அதற்கு இது போதும். வித்தியாசம் இருந்தது. அது பாஸில் இருந்தது. பாஸுக்குத் தனியாக ஒரு சப்வூஃபர் வைத்தால் தீரக்கூடிய வித்தியாசம்.

வேட்டியை அவிழ்த்தோம். பையன் அந்தப் பெரிய ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்தாலும் இதுலதான் நல்லாருக்கு மாமா. இப்பக்கூட."

பொய் சொல்லவில்லை அவன். 2008-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 20 பேரை ஸ்கேன் மிஷினில் படுக்க வைத்து ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 5 டாலர் என்றும் ஒருமுறை 45 டாலர் என்றும் சொல்லி ஊற்றினார்கள். 45 டாலர் ஒயின்தான் உசத்தி என்றார்கள் எல்லோரும். சும்மா வாயால் அல்ல, மூளையில் சந்தோஷத்தைப் பதிவு செய்யும் இடம் நிஜமாகவே கூடுதலாக வேலை செய்தது. விலை, நாக்குக்குப் பின்னால் போய் ருசியை மாற்றிவிடுகிறது. காதுக்கு மட்டும் விதிவிலக்கா?

அதனால் விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கி உருகுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவருக்குக் கிடைப்பது அசல் சந்தோஷம். அது காது வழியாக வரவில்லை என்பதுதான் விஷயம்.

பையனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "சரி, பாக்க அழகா இருக்குன்னே வெச்சுக்கங்க. அதுக்கு எவ்வளவு குடுக்கலாம்?" என்றான்.

மூன்று மாதமாக அவன் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான். அழகுக்குக் காசு கொடுப்பது பாவமில்லை. வாட்ச்சுக்குக் கொடுக்கிறோம், பைக்குக்குக் கொடுக்கிறோம். ஆனால் விலைச்சீட்டில் காதின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரிந்துகொண்டு கொடுக்கவேண்டும். காதுக்கு என்று நினைத்துக் கண்ணுக்குத் தவணை கட்டினால்தான், எட்டாவது மாதம் வயிறு கணக்குக் கேட்கும்.

திங்கட்கிழமை ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதே ஜோடி செகண்ட் ஹாண்டில் பாதி விலைக்கு வந்தால் விடமாட்டேன் என்று சபதம் வேறு. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். நல்ல ஸ்பீக்கர் ஒழுங்காக வைத்திருந்தால் பல வருஷம் உழைக்கும், விலை மட்டும் சீக்கிரம் இறங்கிவிடும். எனவே சபதத்தில் தப்பில்லை.

* * *

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஸ்பீக்கருக்கு அடுத்தபடி பாட்டை மாற்றுவது உங்கள் ரூம். நாலு பக்கமும் வெறும் சுவர், கீழே டைல்ஸ் என்றால் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கல்யாண மண்டபம் மாதிரிதான் கேட்கும். ஒரு பவானி ஜமக்காளம், கனத்த திரைச்சீலை, புத்தக அலமாரி இவை செய்யும் உபகாரத்தை லட்ச ரூபாய் செய்யாது. மூலையில் ஒட்டி வைத்த ஸ்பீக்கரை ஒன்றிரண்டு அடி முன்னால் இழுத்துப் பாருங்கள். குமுறிக்கொண்டிருந்த பாஸ் தெளியும். செலவு, இரண்டு நிமிஷம்.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் நிஜம். போதுமான கனமுள்ள சாதாச் செம்பு ஒயருக்கும் தங்கமுலாம் பூசிய ஒயருக்கும் உள்ள வித்தியாசம் பில்லில்தான் தெரியும்.

டூல் குழு உருவாக்கிய அளவு முறையை 2013-ல் அமெரிக்காவில் ஒரு தரநிர்ணயமாகவே ஏற்றுக்கொண்டார்கள். அந்த முறைப்படி அளந்த கோடுகள் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு இன்று இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோடு சீராகப் போகிறதா என்று பார்க்க எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டாம். ரோடு போட்டதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. யமஹா கம்பெனி 1978-ல் என்.எஸ்.10 என்று வீட்டு உபயோகத்துக்கு ஒரு ஸ்பீக்கர் விட்டது. ஹைஃபை ரசிகர்களிடம் எடுபடவில்லை. ஆனால் சவுண்ட் எஞ்சினியர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேஜைமேல் வைத்துக்கொண்டார்கள். குறைகளைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. 2001-ல் உற்பத்தி நிற்கும்வரை உலகமெங்கும் ஸ்டுடியோக்களில் அந்த வெள்ளைக் கூம்பு உட்கார்ந்திருந்தது. எத்தனையோ ஹிட் பாட்டுகள் அதில் கேட்டுத்தான் கலக்கப்பட்டன.

கடைசியாக, இந்த வரிசையிலேயே மிக உயர்ந்த கருவியைப் பற்றி. குழந்தைக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஐம்பதைத் தொடுகிற பலருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் தகராறுதான். அதாவது, காது இருக்கிற வயதில் கையில் காசு இல்லை. காசு சேருகிற வயதில் காதில் பாதி ஸ்வரம் இல்லை. இந்த அநியாயத்துக்குப் பரிகாரம் கிடையாது, ஆனால் தள்ளிப்போடலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90-க்கு ஏற்றினால் வாரத்துக்கு நாலே மணி நேரம். பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து ஸீட்காரருக்கும் சேர்த்துப் பாட்டுப் போடுகிற இளைஞர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவும்.

ஸ்பீக்கரைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். காதுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கிடையாது.